ஒரு எச்சரிக்கைகூட பாக்கியில்லை

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். வயது முப்பத்து நாலு ஆகிறது, காதோரம் இரண்டு நரையும் எட்டிப் பார்க்கிறது, இன்னும் சின்னவள்தான். அக்கா என்று ஒருத்தி இருக்கிற வரைக்கும் அந்தப் பட்டம் போகவா போகிறது? அக்கா நர்ஸ். அக்கா வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மூன்றாவது மாடியில் அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கையும்தான்.

சின்னவள் மருந்து பம்ப் செய்கிற கம்பெனியில் நிரல் எழுதுகிறவள். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும்; மேலே பை, கீழே குழாய்; மணிக்கு இத்தனை சொட்டு என்று அளந்து உடம்புக்குள் ஏற்றும். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கணினி இருக்கிறது. அதன் அடிமட்டத்தில் ஓடுவது கெர்னல். திரையில் எண் காட்டுவது, பொத்தானுக்குப் பதில் சொல்வது எல்லாம் மேல்மாடிக்காரர்கள் வேலை. மோட்டாரோடும் கம்பியோடும் கண்ணோடும் நேருக்கு நேர் பேசுவது கெர்னல்தான். கண் என்றால் சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற ஒரு சின்னக் கருவி. சொட்டு நின்றால் கண் சொல்லும், கெர்னல் கேட்டு மேலே சொல்லும், பச்சை விளக்கு சிவப்பாகி பம்ப் ஊரைக் கூட்டும்.

எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். தப்பு என்றால் மாட்டேன் என்று நின்றுவிடும். சந்தேகம் என்றால் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஒரு வரி முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புக்குப் பேர்தான் எச்சரிக்கை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது "கேஸை அணைச்சியா?" என்று கேட்கிற அம்மா மாதிரி. பத்துக்கு ஒன்பது தடவை அணைத்துத்தான் இருக்கும். அதனால் யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. அப்படி ஏழு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காமல் சேர்ந்தவை மொத்தம் ஆயிரத்து முன்னூற்று எண்பத்தாறு.

போன வருஷம், பம்பை விற்கலாம் என்று அனுமதி கொடுக்கிற சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் நிரலைப் படிக்கப்போவதில்லை. அவ்வளவையும் படிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? கம்பைலரை ஓட்டிப் பார்ப்பார்கள், கடைசி வரியில் எத்தனை எச்சரிக்கை என்று எண் வரும், அதைக் குறித்துக்கொண்டு போவார்கள். மேலாளர் கூட்டம் போட்டார். "எனக்கு சைபர் வேணும். ஒண்ணு ரெண்டுன்னு வந்து நிக்காதீங்க. சைபர்." அன்றிலிருந்து அவருக்கு ஆபீசில் சைபர் என்றே பேர் ஆகிப்போனது. அவர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொள்ளவில்லை.

வேலை சின்னவள் தலையில் விழுந்தது. இருபத்து மூன்று நாள். நாளைக்கு அறுபது என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் அவள் யோக்கியமாகத்தான் செய்தாள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அந்த நிரலை முழுசாகப் படித்தாள், அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் போனாள், இரண்டு நிஜத் தப்புகளைக்கூடப் பிடித்தாள். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்குப் பதினெட்டுதான் முடிந்தது. சைபர் தினமும் சாயங்காலம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "இன்னைக்கு எவ்வளவும்மா?" என்பார். பதினெட்டு என்றால் மூக்கால் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போவார். அந்த மூச்சுக்குப் பதில் திட்டிவிட்டே போயிருக்கலாம். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் கை வேகமானது. விட்டுப்போனதையும் சேர்த்து இப்போது நாளைக்கு எண்பது.

கெர்னல் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்ததும் அந்த வேலை ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். சைபர் கொடுத்தால் எல்லாம் நலம். வேறு எந்த எண் கொடுத்தாலும் ஏதோ கோளாறு. ஊர் முழுக்கச் சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இவர்களுக்கு மட்டும் சௌக்கியம் என்று அர்த்தம். அதனால் இவர்கள் கையில் சைபர் ரொம்பச் சுலபமாக வரும்.

அந்த எச்சரிக்கைக்கு எண் தொள்ளாயிரத்துப் பதினேழு. கண்ணோடு பேசுகிற நிரலில் இருந்தது. கம்பைலர் முணுமுணுத்தது இதுதான்: இந்த இடத்தில் 'நிலை' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றும் போடாமலேயே திறந்து பார்க்கவும் ஒரு வழி இருக்கிற மாதிரி தெரிகிறதே, கவனித்தீர்களா? நியாயமான கேள்வி. உட்கார்ந்து படித்திருந்தால் அரை மணி. சின்னவளுக்கு அன்றைக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. மணி ஐந்தே முக்கால். இன்னும் பதினொன்று முடித்தால் எண்பது. இதை யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கணும் என்று ஒரு கணம் தோன்றத்தான் தோன்றியது. அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. 'நிலை' என்ற பெட்டிக்குப் பக்கத்தில் '= 0' என்று அடித்தாள். பெட்டி காலியாக இல்லை, கம்பைலரும் வாயை மூடிக்கொண்டது. அவள் அடுத்த எச்சரிக்கைக்குப் போய்விட்டாள்.

ஒருவர் மாற்றினால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். பார்க்கிறவர் சோதனைப் பிரிவில் இருக்கிற ஒரு ஒல்லி மனுஷர். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் "அது சந்தேகம்தான்" என்று ஆரம்பிப்பார், அதனால் சந்தேகம் என்றே அவருக்குப் பேர் நிலைத்துவிட்டது. அந்தச் சந்தேகத்துக்கே அன்றைக்குச் சந்தேகம் வரவில்லை பாருங்கள். எண்பது மாற்றம் மொத்தமாக வந்து நின்றது. மேலிருந்து கீழே ஒரு உருட்டு உருட்டிவிட்டு, 'சரிபார்த்தேன்' என்று போட்டுவிட்டார்.

இருபத்து மூன்றாவது நாள் சாயங்காலம் திரையின் கடைசி வரியில் சைபர் வந்தது. மேலாளர் கை தட்டினார். எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள்.

அந்தப் புது நிரல் அக்காவின் ஆஸ்பத்திரி பம்புகளுக்கும் போயிற்று. பத்து நாள் கழித்து அக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தங்கையின் கழுத்தில் ஒரு புதுச் சால்வையைப் போட்டாள்.

"என்னக்கா இது?"

"பரிசு. உங்க பெட்டி இப்பத்தான்டி நல்ல பிள்ளையா இருக்கு. முன்னாடியெல்லாம் வயரைக் கொஞ்சம் அசைச்சா போதும், குய்யோ முறையோன்னு கத்தும். பேஷன்ட் பதறும், நாங்க ஓடுவோம், போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. இப்ப கத்தறதே இல்ல. வார்டே நிம்மதியா இருக்கு. பெரிய நர்ஸம்மா கேட்டாங்க, யாரு சரி பண்ணினான்னு. என் தங்கச்சின்னேன்."

அக்காவுக்கு வாய் நீளம். வார்டில் அவள் இருந்தால் சாகக்கிடக்கிறவனும் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். தங்கையை அவள் வாய்விட்டு மெச்சியதே கிடையாது. அன்றைக்கு மெச்சினாள். சின்னவளுக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோனது. ஏன் கத்துவதை நிறுத்தியது என்று அவள் ஒரு வார்த்தை யோசித்திருக்கலாம். நான்தான் எல்லாவற்றையும் சரி செய்தேனே என்ற நினைப்பு அவள் கண்ணைக் கட்டிவிட்டது.

அது நடந்தது ஒரு மத்தியானம். மற்றொரு நர்ஸ் வராததால் அக்கா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ரத்த அழுத்தம் இறங்காமல் பிடித்து வைத்திருக்கிற மருந்து அவருக்குப் பம்பில் போய்க்கொண்டிருந்தது. அது நின்றால் அரை மணி தாங்குவது கஷ்டம். ஆறு கட்டிலுக்கு இரண்டு மானிட்டர்தான் இருந்தது. நாலாம் கட்டிலுக்கு இல்லை. தபால்காரர் புரண்டு படுத்தபோது குழாய் தோளுக்கடியில் மடங்கியிருக்கிறது. மூன்று மணிக்கு அக்கா மருந்துத் தட்டோடு அங்கே போனபோது அவர் கை ஜில்லிட்டிருந்தது. பம்பில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். வேறு இயந்திரம் போட இடம் வேண்டும் என்று யாரோ பம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்கள். மின்சாரம் போனதும் பம்ப் அதுவரை நடந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டது. தபால்காரரும் போய்விட்டார். ஆக, என்ன நடந்தது என்று சொல்ல மிச்சம் இருந்தது அக்காவின் வாய் ஒன்றுதான்.

அக்கா சொன்னாள்: "நான் மேஜைலேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பச்சைதான் எரிஞ்சுது. கத்தவே இல்ல."

யாரும் நம்பவில்லை. குழாய் மடங்கியிருக்கிறது, அதை டாக்டரே பார்த்தார். மடங்கினால் பம்ப் கத்தும். கத்தியிருக்கும், இவள் பொத்தானை அழுத்தி வாயை அடைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள், கேட்டால் பச்சை என்கிறாள். இரண்டு ஷிப்ட் பார்த்தவள்தானே. கம்பெனியிலிருந்து ஆள் வந்து பம்பை மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தார். குழாயை மடக்கினார், அலறியது. 'பம்ப் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரரின் மனைவி வார்டு வாசலில் அக்காவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அக்கா கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் இருந்தாள், விசாரணை முடிகிற வரைக்கும். சைபர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கான்னு கேள்விப்பட்டேன். கஷ்டமா இருக்கும்மா. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசிட்டேன். அசதில தூங்கிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா, வேற வார்டுக்கு மாத்தறதோட விட்டுடுவாங்க. மெஷின் மேல பழி போட்டா நாங்க வக்கீல் வெக்க வேண்டி வரும். அப்புறம் போலீஸ், கேஸுன்னு இழுத்துக்கிட்டே போகும். நீங்களே சொல்லிப் பாருங்க."

அவள் சொல்லித்தான் பார்த்தாள். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஆறு நாள். தினமும் ஆபீசிலிருந்து வந்து, அக்காவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதையே பேசினாள்.

"பச்சைதான்டி எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

"அக்கா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆயிரத்து முன்னூறு வார்னிங் இருந்துச்சு. ஒவ்வொண்ணா உக்காந்து நான்தான் சரி பண்ணினேன். ஒண்ணுகூட பாக்கி இல்ல. குழாய் மடங்கினா அது கத்தாம இருக்க முடியாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னா? பதினாறு மணி நேரம் நின்னிருக்க. கண் அசந்திருக்கும். அசந்து போறவங்களுக்கு அசந்தது தெரியாதுக்கா."

"தூக்கம் வந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

மூன்றாம் நாள் அக்கா கத்தினாள். நாலாம் நாள் அழுதாள். ஐந்தாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவ நீ. என்ன எழுதணும், சொல்லு" என்றாள். சின்னவளே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். அக்கா ஒரு வெள்ளைத் தாளில் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதினாள்: 'அன்று பிற்பகல் ஏறத்தாழ முப்பது நிமிடம் மேஜையில் தலை சாய்த்து உறங்கிவிட்டேன். கருவியின் ஒலி என் செவியில் விழவில்லை.' எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த அம்மா என்னை அடிச்சது நியாயம்தான் அப்ப" என்றாள்.

லெட்டர் போனதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை வேறு வார்டுக்கு மாற்றவில்லை. வேலையை விட்டு எடுத்தார்கள். லெட்டரைப் போலீசுக்கு அனுப்பிக் கை கழுவிக்கொண்டார்கள். அஜாக்கிரதையால் உயிர் போனதாக வழக்கு. சிறை வரைக்கும் போகலாம் என்றார் அக்காவுக்குப் பார்த்த வக்கீல். நர்ஸ் வேலை இந்த ஜென்மத்தில் இனிக் கிடையாது. சின்னவள் சைபரிடம் போய்க் கேட்டாள். "அது ஆஸ்பத்திரி எடுத்த முடிவும்மா, நான் என்ன பண்றது?" என்றார். அவருக்கு ஒரு மீட்டிங் இருந்தது.

வழக்கு வருகிறதுக்கு ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை காலையில், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பம்ப் திரும்பி வந்தது. கூட ஒரு சீட்டு: 'சொட்டு நின்றும் கத்தவில்லை. நல்லவேளை, பக்கத்திலேயே இருந்தோம்.' சந்தேகம் அதை மேஜையில் வைத்து ஓட்டினார். குழாயை மடக்கினார், கத்தியது. வழக்கமாக அதோடு விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. கண்ணிலிருந்து பெட்டிக்குப் போகிற வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்; உறை தேய்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வயரைப் பிடுங்கினார்.

பச்சை எரிந்தது. குழாயை மடக்கினார். பச்சை. பையையே கழற்றிக் கீழே வைத்தார். பச்சை.

"கொஞ்சம் இங்க வாங்க" என்று சின்னவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள். பம்ப் தொடங்கும்போது வயர் இல்லையென்றால் சிவப்பு வரும், அதை அவர்கள் நூறு தடவை சோதித்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது வயர் தொடர்பு விட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் பிடுங்கிப் பார்த்ததில்லை. நிரலைத் திறந்தார்கள். கண் பதில் சொல்லாவிட்டால் நிரல் குறுக்கு வழியில், 'நிலை' பெட்டியில் இருக்கிற எண்ணைத் திருப்பிக் கொடுக்கிற கடைசி வரிக்குத் தாவுகிறது. அந்த வழியில் 'நிலை' பெட்டியில் யாரும் எதையும் போடுவதில்லை. முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் பழைய குப்பை ஏதாவது கிடக்கும். குப்பை சைபராக இருப்பது அபூர்வம். அதனால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பம்ப் கத்தும். ஏழு வருஷம் அந்தக் குப்பைதான் நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது அங்கே துப்புரவாக ஒரு சைபர் உட்கார்ந்திருந்தது. கண் செத்தாலும் சௌக்கியம், குழாய் அடைத்தாலும் சௌக்கியம். தபால்காரர் புரண்டபோது வயரும் இழுபட்டுத் தொடர்பு விட்டிருக்கும்; மேஜைமேல் வைத்து ஓட்டியபோது மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

எந்த வரியை யார் எழுதியது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. அதற்கு அதை உருவாக்கினவர்கள் வைத்த பேரே பழி என்பதுதான். சந்தேகம் அதைத் தட்டினார். அந்த வரிக்கு நேரே சின்னவளின் பேர் வந்தது. தேதி, மணி ஐந்து நாற்பத்தாறு. கீழே, சரிபார்த்தவர் என்று அவருடைய பேர்.

சின்னவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தபால்காரர் நினைவுக்கு வரவில்லை, சான்றிதழ் நினைவுக்கு வரவில்லை. "பச்சைதான்டி எரிஞ்சுது, என் கண்ணால பாத்தேன்" என்று அக்கா சொன்னதும், அதற்கு ஆறு நாள் தான் சொன்ன பதிலும்தான் காதில் கேட்டன. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சைபரிடம் இருவரும் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம். சத்தமில்லாம எல்லா பம்புக்கும் அனுப்பிடுவோம்."

"எங்கக்கா கேஸ் சார்?"

"உங்கக்காதான் எழுதிக் குடுத்திருக்காங்களே, தூங்கிட்டேன்னு. அந்த பம்ப்ல வயர் போயிருந்துச்சுன்னு என்ன ஆதாரம் இருக்கு? நாங்க செக் பண்ணப்போ நல்லா இருந்துச்சு. நீங்க போய்ச் சொன்னா, தங்கச்சி அக்காவைக் காப்பாத்தக் கதை கட்றான்னுதான் சொல்வாங்க. யோசிச்சுப் பாருங்கம்மா."

அவள் யோசிக்கவில்லை. ஏற்கெனவே வேண்டிய மட்டும் யோசிக்காமல் இருந்தாயிற்று, இனி யோசித்து என்ன? நடந்ததை நாலு பக்கம் எழுதி வக்கீலுக்கு அனுப்பினாள். சந்தேகம் கேட்காமலேயே அடியில் கையெழுத்துப் போட்டார். "என் பேரும் இருக்குல்ல" என்றார். வக்கீல் படித்துவிட்டுப் போனில் சொன்னார்: "இது பலமான விஷயம்தான். ஆனா உங்கக்கா அந்த லெட்டரை வாபஸ் வாங்கணும். தூங்கலை, பச்சை எரிஞ்சுதுன்னு அவங்க வாயால கூண்டுல சொல்லணும். அவங்க சொல்லாட்டி இந்த நாலு பக்கத்தால ஒரு புண்ணியமும் இல்ல."

அவ்வளவுதானே என்று நினைத்தாள் சின்னவள். அக்கா முதல் நாளிலிருந்து சொன்னதே அதுதானே.

ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் வழக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் அந்தத் திரும்பி வந்த பம்பையே ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். வாய் நீளமெல்லாம் போன இடம் தெரியவில்லை. சின்னவள் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்: எச்சரிக்கை, முதுகு வலி, செருப்புச் சத்தம், சைபர். ஒன்றையும் மறைக்கவில்லை. "நான்தான்க்கா கொன்னேன். அவரையும், உன்னையும்" என்று அழுதாள்.

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதடி. எனக்காகத்தான் இப்படியெல்லாம் சொல்ற, தெரியுது. ஆனா நான் தூங்கினேன்."

"இல்லக்கா. நீ தூங்கல. நான்தான் உன்னைத் தூங்கினேன்னு சொல்ல வெச்சேன்."

"எனக்கு ஞாபகம் இருக்குடி." அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மொதல்ல இல்ல. அப்புறம் யோசிக்க யோசிக்க வந்துச்சு. மேஜைல தலை சாய்ச்சேன். மேஜை சில்லுன்னு இருந்துச்சு. ஏறத்தாழ முப்பது நிமிஷம். தூக்கத்துலயே எங்கயோ கத்தற மாதிரி கேட்டுச்சு, என் செவில விழல."

ஏறத்தாழ என்றோ செவி என்றோ அக்கா பிறந்ததிலிருந்து பேசியதில்லை. அந்த வார்த்தைகளை யார் எழுதினார்கள் என்று சின்னவளுக்குத் தெரியும்.

அவள் பதறிப்போய் பம்பை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு பையில் தண்ணீர் நிரப்பி மாட்டி ஓடவிட்டாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. "பாரு" என்று வயரைப் பிடுங்கினாள். குழாயை மடக்கி ரப்பர் வளையம் போட்டு இறுக்கினாள். சொட்டு நின்றது. பச்சை எரிந்தது.

அக்கா எழுந்து கிட்டே வந்தாள். குனிந்து அந்த விளக்கையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "இதே பச்சைதான்" என்றாள் மெதுவாக. சின்னவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"அதான்க்கா. அதான் நீ பாத்தது. நாளைக்கு அதை மட்டும் சொல்லு."

"இரு. இப்ப கத்தும்."

"கத்தாதுக்கா."

"கொஞ்ச நேரம் ஆகும். அன்னைக்கும் அப்படித்தான் பச்சையா இருந்துச்சு. அப்புறம் கத்தியிருக்கும், நான்தான் தூங்கிட்டேன்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பம்புக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழைய நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 4.30, பச்சை.

"அக்கா, போதும்."

"பேசாத. நீதானே சொன்ன, அது கத்தாம இருக்க முடியாதுன்னு. இந்தத் தடவை நான் தூங்க மாட்டேன்."

சின்னவள் கெஞ்சினாள், பம்பை நிறுத்தப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து விலக்கினாள். பலமான பிடி. புரண்டு விழுகிற நோயாளியைத் தாங்கிப் பிடித்துப் பழகிய கை. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷம் பிசகாமல், எழுந்து போய்க் குழாயைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், வந்து எழுதினாள். 4.45, பச்சை. 5.00, பச்சை. 5.15, பச்சை. வக்கீல் இரண்டு தடவை போன் செய்தார். சின்னவள் எடுத்து, "பேசிக்கிட்டிருக்கேன் சார்" என்றாள். தெருவில் விளக்குப் போட்டார்கள். கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

ஏழு மணிக்கு நோட்டின் பக்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சின்னவள் அதைக் கையில் வாங்கிப் படித்தாள். தேதியும் நேரமும் போட்டு, அக்காவின் கையெழுத்தில், வரிக்கு வரி பச்சை என்று எழுதியிருந்தது. வக்கீல் கேட்ட சாட்சி அதுதான்.

"இதைத்தான்க்கா நாளைக்குச் சொல்லணும்" என்றாள். நோட்டை அவளிடம் நீட்டினாள்.

"கூண்டுல ஏறி நான் பொய் சொல்ல மாட்டேன்டி" என்றாள் அக்கா. நோட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். கத்தும்."

ஏழே காலுக்கு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, எழுதினாள்.